‘ஃபுல் எச்டி டிவிடி’ என்று கடைக்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

போன வருடம் நடந்த விஷயம். கணினி சொல்லிக்கொடுக்கிற நானே ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் எழுதாமல் விட்டிருந்தேன். போன வாரம் தோழி ஒருத்தி தன் பாட்டு வகுப்பு ரெக்கார்டிங்குகளை டிவிடியாகப் போட முன்பணம் கட்டப்போவதாகச் சொன்னாள். சரி, இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருப்பது தப்பு.

நான் பொள்ளாச்சியில் டேலி என்ற கணக்கு எழுதும் மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கிறேன். வால்பாறைப் பக்க எஸ்டேட்டுகளிலிருந்து சில பெண்கள் என்னிடம் படிக்கிறார்கள். லைன் வீடுகளில் சிக்னல் வந்தால் உண்டு, வராவிட்டால் அன்றைக்குப் பாடம் இல்லை. ஆனால் பல வீடுகளில் அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவியும் ஒரு டிவிடி பிளேயரும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. “டிவிடியா போட்டுக் குடுத்தா நல்லா இருக்கும் மிஸ்” என்று அவர்கள்தான் கேட்டார்கள். 11 பாடங்களைக் கணினித் திரையிலிருந்தே ஓபிஎஸ் என்ற திரைப் பதிவு மென்பொருள் வைத்துப் பதிவு செய்தேன். மொத்தம் ஐந்தரை மணி நேரம்.

கோவையில் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்கிற ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம், இது ஒரு கடையின் பிரச்சினை மட்டும் இல்லை. ஒரு செட்டுக்கு 3 டிஸ்க், 40 செட், ஆக 120 டிஸ்க். ஸ்டிக்கர், கவர் எல்லாம் சேர்த்து டிஸ்க் ஒன்றுக்கு 70 ரூபாய். 8,400க்கு 5,000 முன்பணம் கொடுத்தேன். பில் தரவில்லை. எஸ்டிமேட் என்று ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான்.

“பென் டிரைவ்ல குடுத்துட்டுப் போங்க மேடம், ஃபுல் எச்டி டிவிடியா போட்டு வெச்சிடறனுங்க” என்றார்.

அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். டிவிடி பிளேயரில் ஓடுகிற டிவிடி வீடியோவில் ஃபுல் எச்டி என்று ஒன்று கிடையவே கிடையாது. நம் ஊர் டிவிகளின் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையில் அதன் அளவு 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 படம், வீடியோவைச் சுருக்குவது எம்பெக்-2 முறையில். இதைத் தாண்டி எந்தக் கொம்பனாலும் போட முடியாது. (எச்டி டிவிடி என்ற பெயரில் ஒரு டிஸ்க் வகை இருந்தது உண்மைதான். ப்ளூ-ரேயோடு போட்டி போட்டுத் தோற்று 2008லேயே தோஷிபா அதைக் கைவிட்டுவிட்டது. கடைக்காரர் அதைச் சொல்லவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும்.) என் பதிவோ 1920க்கு 1080, அதுதான் ஃபுல் எச்டி. புள்ளிக் கணக்கில் டிவிடி அதில் ஐந்தில் ஒரு பங்குதான். யார் போட்டாலும் கொஞ்சம் மங்கத்தான் செய்யும் என்று எனக்கே தெரியும். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாளில் பெட்டி வந்தது. ஒரு டிஸ்க்கைக்கூடப் போட்டுப் பார்க்காமல் அப்படியே வால்பாறை பஸ்ஸில் ஏற்றினேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் வேறு இல்லை.

நான்கு நாள் கழித்து ஒரு பெண்ணிடமிருந்து போன்.

“மிஸ், கடைசிப் பாடத்துல 13 பர்சன்ட் ஜிஎஸ்டி போட்டிருக்கீங்களே, அது எந்தப் பொருளுக்கு மிஸ்?”

13 சதவீதம் என்று ஒரு ஜிஎஸ்டியே கிடையாது. முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் என்னிடம் மிஞ்சியிருந்த செட்டை அப்பா வீட்டுப் பழைய டிவியில் போட்டுப் பார்த்தேன். 18ல் இருந்த 8 வலதுபக்க வளைவு மட்டும் தெரிந்து 3 ஆகியிருந்தது. ‘டெபிட்’, ‘கிரெடிட்’ என்பதைக் குறிக்கிற Dr, Cr இரண்டில் எது எது என்றே புரியவில்லை. கணக்குப் பாடத்தில் அதுதானே உயிர்! திரை மாறும்போதெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடைந்து, ஒரு நொடி கழித்துத்தான் கூடியது.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, “டிவிடின்னாலே இப்படித்தானுங்க மேடம். கல்யாணமெல்லாம் இதே செட்டிங்லதான் போடறோம், ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்லை” என்றார். இது பாதி உண்மை, அதனால்தான் எளிதில் நம்பத் தோன்றுகிறது. கல்யாண வீடியோவில் இருப்பது முகம், பட்டுப்புடவை, பந்தல். கொஞ்சம் மங்கினாலும் மாமாவை மாமா என்று தெரிந்துகொள்ளலாம். எழுத்து அப்படி இல்லை. ஒரு எழுத்தின் கோடு ஒன்றிரண்டு புள்ளி அகலம்தான். உயரத்தில் பாதியாகவும் அகலத்தில் அதைவிடக் குறைவாகவும் சுருக்கினால் அந்தக் கோடே போய்விடும். போதாக்குறைக்கு டிவிடியில் நிறத்தின் விவரம் வெளிச்சத்தின் விவரத்தில் கால் பங்குதான். நீலத்தின் மேல் சிவப்பு எழுத்தெல்லாம் கரைந்தே போகும்.

சரி, விதி என்று விட்டிருப்பேன். ஆனால் நாலாவது பாடத்தில் பால்காரர் குரல் கேட்டது.

அந்தப் பாடத்தை முதலில் பதிவு செய்தபோது வாசலில் பால்காரர் கூப்பிட்டது விழுந்துவிட்டது. அதனால் மறுபடி பதிவு செய்து, திருத்திய பதிவைத்தான் பென் டிரைவில் கொடுத்தேன். பால்காரர் இருந்த பழைய பதிவு ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது: பாடங்கள் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காகக் கடைக்காரருக்கு நான் அனுப்பிய யூடியூப் லிங்க்கில். அவர் பென் டிரைவைத் தொடவே இல்லை. யூடியூபிலிருந்து இறக்கி, அதையும் தெளிவு குறைந்த 360பியில் இறக்கி, அதை இழுத்துப் பெரிதாக்கி டிவிடியில் போட்டிருக்கிறார்.

அடுத்து டிஸ்க்கைக் கையில் எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். எழுதிய பகுதி உள்வட்டத்திலிருந்து ஒரு நிறமாகவும், எழுதாத பகுதி வேறு நிறமாகவும் தெரியும். எழுதியிருந்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கணினியில் போட்டால் மொத்தமே 1.3 ஜிபி. டிஸ்க் கொள்வதோ 4.7 ஜிபி. ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட்டுக்கு மேல் தாராளமாகக் கொடுத்திருக்கலாம் (ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்குகிற தகவலின் அளவு இது, கூடினால் படம் தெளிவு). கோப்பின் விவரம் காட்டுகிற மீடியாஇன்ஃபோ மென்பொருள் 1.6 தான் காட்டியது.

ஏன் இப்படிச் செய்தார் என்பது 120 டிஸ்க் என்பதை நினைத்துப் பார்த்ததும் விளங்கியது. 8 மடங்கு வேகத்தில் ஒரு டிஸ்க்கை முழுசாக எழுத எட்டு நிமிடமாவது ஆகும், 120 டிஸ்க்குக்கு 16 மணி நேரம். 1.3 ஜிபி என்றால் ஒரு டிஸ்க் மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிடும். அவர் என்னிடம் டிஸ்க்கில் திருடவில்லை, நேரத்தில் திருடினார்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். டேலியின் வலதுபக்கம் எஃப்4, எஃப்5 என்று பட்டன்கள் வரிசையாக இருக்கும். பழைய குழாய் டிவிகள் படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டித்தான் காட்டும். அந்த வரிசையே பல வீடுகளில் தெரியவில்லை. இதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, ஓரத்தில் இடம் விட்டுப் பதிவு செய்யாதது நான்.

கோபத்தில் கடைசிப் பாடத்தை நானே செய்து பார்த்தேன். திரையை 1280க்கு 720 ஆகக் குறைத்தேன். எழுத்துகள் தானாகப் பெரிதாகின. அதை டிவிடி அளவுக்குச் சுருக்கும்போது சேதம் குறைவு. ஓபிஎஸ்ஸில் நொடிக்கு 25 படம் என்று முதலிலேயே வைத்துவிட்டேன். 30ல் எடுத்து 25ஆக மாற்றினால் மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகும். போனில் திரைப் பதிவு எடுக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: போன் நொடிக்கு நொடி படத்தின் எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளும், டிவிடிக்கு மாற்றும்போது குரலும் படமும் மெல்ல மெல்ல விலகிப்போகும். முன்கூட்டியே சீரான வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நாலு பக்கமும் பத்தில் ஒரு பங்கு காலி விட்டேன்.

டிவிடி ஸ்டைலர் என்ற இலவச மென்பொருளில் போட்டு, ‘பால்’ முறை, 16:9 என்று கொடுத்தேன். ஒலியைச் சுருக்காமல் விட்டால் அதுவே நொடிக்கு ஒன்றரை மெகாபிட் தின்றுவிடும், அதனால் ஏசி3 என்ற ஒலிச் சுருக்க முறையில் 192 கிலோபிட். முக்கியமாக, நடுவில் வேறு எந்த மாற்றமும் செய்யவில்லை. சிலர் முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ஒருமுறை சுருக்கிவிட்டு அதை டிவிடி மென்பொருளிடம் கொடுக்கிறார்கள். ஹேண்ட்பிரேக் டிவிடி போடாது. எப்படியும் எம்பெக்-2வுக்கு இன்னொரு முறை மாற்றித்தான் ஆக வேண்டும், இரண்டு முறை சுருக்கினால் இரண்டு முறை சேதம்.

அப்பா வீட்டு அதே டிவி. 18 பதினெட்டாகவே தெரிந்தது. கண்ணாடி போல இல்லை, ஆனால் படிக்க முடிந்தது.

அந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவருடைய டிவியிலேயே இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “டெக்ஸ்ட் இவ்வளவு முக்கியம்னு நீங்க மொதல்லயே சொல்லலீங்களே மேடம்” என்றார். பாடத்தில் எழுத்து முக்கியமாம், அதைச் சொல்ல வேண்டுமாம்! பால்காரரைப் பற்றிக் கேட்டதும், பையன் யாரோ செய்துவிட்டான் என்றார். பணத்தைத் திருப்பித் தரமாட்டார், வேண்டுமானால் டிஸ்க் விலை மட்டும் நான் கொடுத்தால் மறுபடி போட்டுத் தருவாராம். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்ய நினைத்தேன். பில் எங்கே என்று கேட்டால் காட்ட என்னிடம் அந்தத் துண்டுச் சீட்டுதான் இருந்தது, அதில் கடைப் பெயர்கூட இல்லை. விட்டுவிட்டேன்.

கொடுக்கப்போகிறவர்கள் பில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு டிஸ்க் போடச் சொல்லி, அதை யார் பார்க்கப்போகிறார்களோ அவர்கள் வீட்டு டிவியிலேயே போட்டுப் பாருங்கள். கடையில் இருக்கிற பெரிய எல்இடியில் எல்லாம் ஒரு மாதிரி நன்றாகத்தான் இருக்கும். கடைக்கு யூடியூப் லிங்க் எதையும் அனுப்பாதீர்கள். பார்க்கிறவர்களிடம் கணினி இருந்தால் டிவிடி வீடியோவாகவே மாற்ற வேண்டாம், எம்பி4 கோப்பை அப்படியே டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ போட்டுக் கொடுங்கள், ஒரு புள்ளிகூடக் குறையாது. டிவிடி பிளேயரில் யுஎஸ்பி ஓட்டை இருக்கிறதே என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய பிளேயர்கள் பல இப்போதைய எம்பி4ஐ வாசிக்காது, நானும் மூன்று வீட்டில் முயன்று பார்த்துத்தான் சொல்கிறேன்.

11 பாடங்களையும் மறுபடி பதிவு செய்தேன். வீட்டிலேயே ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து 40 செட் எழுதினேன். கடையிலிருந்து மீதி 3,400 ரூபாய் கேட்டு இப்போதும் மாதம் ஒரு போன் வருகிறது.