ஜெர்சி ஊசியா, எச்.எஃப். ஊசியா? ஒரு டெல்டாக் கொட்டகையின் கணக்கு

நீடாமங்கலம் பக்கம் எங்கள் கொட்டகையில் இப்போது நிற்பதெல்லாம் ஜெர்சிக் கலப்பு. நடுவில் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்ற கருப்பு வெள்ளை இனம்) சினை ஊசியும் போட்டு, அதில் பிறந்த கிடேரியை வளர்த்துக் கறந்தும் பார்த்தாகிவிட்டது. மாடு அடுத்த பருவத்துக்கு, அதாவது காளை தேடும் நாளுக்கு, வந்தால் எந்த ஊசி போடலாம் என்று யார் கேட்டாலும் ஜெர்சி என்றுதான் சொல்கிறேன். கொட்டகையில் மின்விசிறி, தண்ணீர் தெளிப்பான், வருடம் முழுக்கப் பசுந்தீவனம் என்று வசதி உள்ள பெரிய பண்ணைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. இது வைக்கோலை நம்பி நாலைந்து உருப்படி வைத்திருக்கும் ஆட்களுக்கு.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். எச்.எஃப். அதிகம் கறக்கும், ஜெர்சி கெட்டியாகக் கறக்கும். எச்.எஃப். பாலில் கொழுப்பு 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஜெர்சியில் 4.5, 5 வரை போகும். பால் சங்கத்தில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்து விலை போடுவதால், லிட்டரில் விட்டதில் கொஞ்சம் விலையில் திரும்பி வரும். முழுதும் வராது. டீக்கடைக்கும் வீடுகளுக்கும் ஊற்றுகிறவருக்கு லிட்டர்தான் கணக்கு, அவருக்கு எச்.எஃப். லாபம். விற்கும்போதும் வியாபாரி கேட்கிற முதல் கேள்வி எத்தனை லிட்டர் என்பதே. கறவையில் இருக்கும் கருப்பு வெள்ளை மாட்டுக்குச் சந்தையில் மவுசு அதிகம், அதை நான் மறுக்கவில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே சங்கதி: கன்று போட்ட மாடு மறுபடி எப்போது சினை நிற்கிறது?

சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், கன்று போட்ட 85 நாளுக்குள் மாடு சினை நின்றாக வேண்டும். கருப்பை சுருங்கித் தேறவே ஒன்றரை, இரண்டு மாதம் ஓடிவிடும். மிச்சத்தில் ஒன்றோ இரண்டோ பருவம்தான் கையில் சிக்கும். ஒன்றைக் கோட்டை விட்டால் அடுத்ததற்கு இன்னும் 21 நாள். அந்த நாட்களில் பால் இறங்கிக்கொண்டே போகும், தீவனச் செலவு மட்டும் இறங்காது.

இங்கேதான் நம் ஊர்த் தீவனம் குறுக்கே வருகிறது. மலிவாகக் கிடைப்பது வைக்கோல். அதில் புரதம் 3, 4 சதவீதம்தான். சம்பா நட்டுவிட்டால் அறுவடை வரைக்கும் மேய்க்க இடம் கிடையாது. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் அறுத்து வரும் புல், போட்டிருந்தால் கொஞ்சம் கோ-4 தீவனப்புல், அவ்வளவுதான். தை, மாசியில் அறுப்பு முடிந்து, உளுந்தும் எடுத்த பிறகு கிடைக்கும் உளுத்தஞ்செடிதான் மாட்டுக்கு விருந்து. எச்.எஃப். கலப்பு, கன்று போட்டதும் பாலைக் கொட்டும். தின்பது அதற்கு ஈடாகாமல் தன் உடம்பையே கரைத்துப் பாலாக்கும். இடுப்பெலும்பு துருத்த ஆரம்பித்தது என்றால் பருவம் தள்ளிப்போகிறது என்று அர்த்தம். புண்ணாக்கு, தவிடு, மூட்டைத் தீவனம், தாது உப்பு எல்லாம் ஏற்றிக் கொடுத்தால் தேற்றலாம்தான். கூடுதலாகக் கறந்த லிட்டரின் காசு தீவனக் கடைக்கே போகும். ஜெர்சி உருவத்தில் சின்னது, கறப்பதும் அளவாக. அதே வைக்கோலில் உடம்பு அவ்வளவாக இறங்குவதில்லை.

அடுத்தது புழுக்கம். சித்திரை, வைகாசியில் காற்றில் ஈரம் ஏறிக் கிடக்கும்போது மாட்டுக்கு உடம்புச் சூடு ஆறாது. உருவம் பெரிதாகவும் கறவை அதிகமாகவும் இருக்கும் மாட்டுக்கு அவதி கூடுதல். பருவம் குறுகிவிடும், ராத்திரி வந்து விடிவதற்குள் அடங்கிவிடும். கத்தாது, மற்ற மாட்டின் மேல் தாவாது. காலையில் வாலில் ஒட்டிக் காய்ந்த வழும்பு மட்டும் சாட்சி. காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை என்பது விதி. எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாத மாட்டுக்கு அந்த விதியால் என்ன உபயோகம்? மைனஸ் 196 டிகிரியில் வருடக்கணக்காகக் கெடாமல் இருக்கும் உறைவிந்து, உருக்கி மாட்டுக்குள் போட்டபின் ஒரு நாள் தாக்குப்பிடித்தாலே அதிகம்.

எங்கள் எச்.எஃப். மாடு இந்த இரண்டிலும் மாட்டிக்கொண்டது. ஈத்துக்கும் ஈத்துக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒரே மாட்டை வைத்து இனத்துக்கே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதும் உண்மை. பக்கத்துத் தெருக்காரர் எச்.எஃப். வைத்து வருடா வருடம் கன்று பார்க்கிறார். அவர் கொட்டகை உயரம், மேலே தென்னை நிழல், மத்தியானம் மோட்டார் தண்ணீரில் குளியல். அவரும் மாட்டை விட்டு நகர்வதே இல்லை. என்னால் அது ஆகாது.

குளிர்ந்த மாதமாகப் பார்த்து ஊசி போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். மார்கழி, தையில் சினை நன்றாகத்தான் நிற்கும். ஆனால் 280 நாளை எண்ணிப் பாருங்கள்: ஐப்பசி அடைமழையில் கன்று விழும். சொதசொதத்த தரை, மடிநோய், கன்றுக்குக் கழிச்சல். எந்த இனமானாலும் டெல்டாவில் இந்தச் சிக்கலிலிருந்து தப்ப வழி கிடையாது.

கன்றின் அளவையும் பார்க்க வேண்டும். சுத்த ஜெர்சிக் கன்று சுமார் 25 கிலோ, எச்.எஃப். கன்று 40 வரை. சிறுத்த கிடேரிக்குத் தலைச்சன் ஈத்திலேயே எச்.எஃப். ஊசி போட்டால், ஈனும்போது கன்றை இழுக்க ஆள் தேடி ஓட வேண்டிவரும்.

எது வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் ஊசி போட வருகிறவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போவார். ஈச்சங்கோட்டையிலேயே உறைவிந்து நிலையம் இருக்கும்போது, ஜெர்சி விந்துக் குழாய் வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லி வைப்பதில் சிரமமில்லை. குழாயில் காளையின் எண் அச்சிட்டிருக்கும், குறித்து வையுங்கள். தாய்க்குப் போட்ட எண்ணையே அதன் கிடேரிக்கும் போட்டால் தகப்பனோடு சேர்த்ததாகிவிடும்.

நம் நாட்டு இனமான உம்பளச்சேரிப் பசு வைத்திருப்பவர்கள் இந்தப் போட்டிக்கே வர வேண்டாம். நாளுக்கு இரண்டு லிட்டர் கறக்கும் மாட்டைப் பாலுக்காகக் கலப்பாக்கி, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்து இனத்தை நாமே கரைப்பானேன்? அதற்கு உம்பளச்சேரி ஊசியே போடுங்கள். ஜல்லிக்கட்டில் நாட்டு இனக் காளைகளைத்தான் இறக்க வேண்டும் என்று 2021-இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, அதன் காளங்கன்றுக்குக் கேட்பார் உண்டு.

ஜெர்சிக் காளங்கன்றை யாரும் சீந்துவதில்லை. அதற்காகப் பாலினம் பிரித்த விந்து வந்திருக்கிறது. பத்துக்கு ஒன்பது கிடேரி பிறக்கும் என்பது கணக்கு. குழாயில் விந்தணு குறைவு என்பதால் சினை பிடிப்பது சாதா ஊசியைவிடச் சற்றுக் குறையும், விலையும் கூட. நல்ல உடம்போடு இருக்கும் கிடேரிக்குப் போடலாம். நானும் ஒரு கிடேரிக்குப் போட்டிருக்கிறேன், இன்னும் கன்று போடவில்லை. திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும் மாட்டுக்கு அந்தக் காசைக் கொட்டாதீர்கள். முதலில் கருப்பையில் சீழ் ஏதும் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.