நியூரம்பெர்க்கா, கொலோனா? கிறிஸ்துமஸ் சந்தைக்கு ஒரே ஒரு நாள் இருந்தால்

டிசம்பரில் ஜெர்மனிக்கு, பிராங்க்பர்ட்டில் வந்து இறங்கும் சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. ஊர் சுற்றியது போக ஒரு நாள் மிச்சம் இருக்கும். "எந்தச் சந்தைக்குப் போனால் நல்லது?" என்பார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். 1570 முதல் சந்தை நடக்கும் பிரெஞ்சு ஊர், அழகுக்குக் குறைவில்லை. ஆனால் சந்தை பல சதுக்கங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒரு ராத்திரி தங்க முடிந்தால் போங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். போட்டி ஜெர்மனியின் நியூரம்பெர்க்குக்கும் கொலோனுக்கும்தான்.

அதற்கு முன்னால் தேதி. கிறிஸ்துமஸ் லீவு போட்டு 25ஆம் தேதி வந்து இறங்கினால் நியூரம்பெர்க் சந்தையும் கொலோன் பேராலயச் சந்தையும் முடிந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு நான்கு ஞாயிறு முன்னால் வருவது திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அதற்கு முந்தைய வெள்ளி மாலையில் நியூரம்பெர்க் சந்தை தொடங்கும். 2026-இல் அது நவம்பர் 27. டிசம்பர் 24 மதியத்தோடு முடிந்துவிடும். கொலோன் பேராலயச் சந்தை ஒரு வாரத்துக்கும் மேல் முன்னதாகவே தொடங்கி, 23-ஆம் தேதியோடு மூடிவிடும். நவம்பரிலேயே வருகிறவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம், கொலோன்தான். அங்கேயும் இறந்தோரை நினைவுகூரும் ஞாயிறு ஒன்று நடுவில் வரும், அன்று கடை கிடையாது.

கொலோனின் பெரிய பலம் ரயில் நிலையம். பிராங்க்பர்ட்டிலிருந்து வேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நிலையத்தின் கதவைத் தாண்டியதும் பேராலயத்தின் 157 மீட்டர் உயரக் கோபுரங்கள் தலைக்கு மேல் நிற்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து நிற்பதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். 1248-இல் தொடங்கிய கட்டடம், முடிந்தது 1880-இல். அதன் தெற்குப் பக்கச் சதுக்கத்தில்தான் சந்தை. நடுவில் பெரிய மரம், அதன் உச்சியிலிருந்து கூடாரம் மாதிரி விரியும் விளக்குச் சரங்கள், அடியில் சிவப்புக் கூரைக் கடைகள்.

குளிர் தாங்காவிட்டால் ஆலயத்துக்குள் போய் உட்காரலாம். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பீடத்துக்குப் பின்னால் தங்கப் பேழை ஒன்று இருக்கிறது. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் எலும்புகள் அதில் இருப்பதாக நம்பிக்கை. 1164-இல் மிலானிலிருந்து கொண்டுவந்தார்கள். திருச்சியிலிருந்து வந்த என் அத்தை சந்தையை மறந்துவிட்டு அங்கேயே அரை மணி நேரம் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் இருந்தால் பத்து நிமிட நடையில் ஹாய்மார்க்ட், அங்கே குதிரை வீரன் சிலையைச் சுற்றி ஐஸ் சறுக்குத் தளம் போடுவார்கள். ரைன் கரையில் சாக்லேட் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சந்தை. எல்லாச் சந்தைகளையும் ஒரே நாளில் முடிக்கக் கிளம்பாதீர்கள். இரண்டு போதும். மூன்றாவதில் எல்லாக் கடையும் ஒரே கடையாகத் தெரியும்.

நியூரம்பெர்க் வேறு மாதிரி. ரயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், இறங்கிக் கால் மணி நேரம் நடை. ஆனால் சந்தை என்று பார்த்தால் இதுதான் சந்தை. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரையோடு சுமார் 180 கடைகள். உலர்ந்த பிளம்ஸ் பழங்களைக் கம்பியில் கோத்து, வால்நட் தலை வைத்து, துணி உடுத்திய குட்டி மனிதர்கள் இந்த ஊர்ச் சரக்கு. மதியம் 12 மணிக்கு சந்தைச் சதுக்கத்து மாதா கோயில் கடிகாரத்தைப் பாருங்கள். பேரரசர் நான்காம் கார்ல் உட்கார்ந்திருக்க, ஏழு இளவரசர்கள் அவரைச் சுற்றி வருவார்கள். அந்தக் கோயில் நிற்கும் இடத்தில் முன்பு யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்தது. 1349-இல் அவர்களைக் கொன்று, குடியிருப்பை இடித்துத்தான் இந்தச் சதுக்கத்தை உண்டாக்கினார்கள். பக்கத்து நீரூற்றின் வேலியில் பித்தளை வளையம் ஒன்று மாட்டியிருக்கும். அதைச் சுற்றினால் நினைத்தது நடக்குமாம், அதற்கும் வரிசை.

சாப்பாட்டில் இரண்டும் எதிரெதிர். நியூரம்பெர்க்கில் விரல் அளவு சாஸேஜ் மூன்றைக் கனலில் சுட்டு, உருண்டை ரொட்டியில் வைத்துத் தருவார்கள். ஒவ்வொன்றும் 7 முதல் 9 சென்டிமீட்டர், அந்த ஊரில் செய்தால்தான் நியூரம்பெர்க் சாஸேஜ் என்ற பெயர். மூன்று கடி, அவ்வளவுதான், உடனே இன்னொன்று கேட்கத் தோன்றும். பன்றி இறைச்சி என்பதைச் சொல்லிவிடுகிறேன். மசாலா மணக்கும் லேப்கூகன் என்ற மெத்தென்ற பிஸ்கட்டில் 'எலீசன்' வகையாகப் பார்த்து வாங்குங்கள், மாவு மிகக் குறைவு, கால் பங்குக்குக் குறையாமல் பாதாம், வால்நட் மாதிரிக் கொட்டைகள்தான். சைவக்காரர்களுக்குக் கொலோனே சௌகரியம். உருளைக்கிழங்கைத் துருவி, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, ஆப்பிள் கூழோடு காகிதத் தட்டில் தருவார்கள். நம் அடைக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம், கேட்டுக்கொள்ளுங்கள். சூடான மசாலா ஒயின் இரண்டு ஊரிலும் உண்டு, பிள்ளைகளுக்கு மது இல்லாத பழச்சாறு வகை. கோப்பைக்குத் தனியாக முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வரும். எங்கள் வீட்டு அலமாரியில் ஏழு கோப்பைகள் இருக்கின்றன.

சரி, என் முடிவு. அம்மா அப்பா, குழந்தை வண்டி, சாயங்காலம் திரும்பியாக வேண்டும் என்றால் கொலோன். கணவன் மனைவி இருவர் மட்டும், அதுவும் வாரநாளில் என்றால் நியூரம்பெர்க். சனிக்கிழமை மாலை மட்டும் வேண்டவே வேண்டாம், ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின நாள் மாதிரி கூட்டமே உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். மதியம் 3 மணிக்குப் போங்கள். நாலரைக்கெல்லாம் இருட்டி, விளக்குகள் துலங்கத் தொடங்கும். கையில் சில்லறை யூரோ வைத்துக்கொள்ளுங்கள், கழிப்பறைக்குத் தேவைப்படும். அப்புறம், ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ்.