ஆய்வு என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள்: மூட்டுவலிக்கு ஊசி போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நான்கு மாதச் சம்பளம். என் அம்மாவின் இரண்டு முழங்கால்களிலும் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) ஊசி போடுவதற்காக, "மருத்துவ ஆய்வில் பங்கேற்புக் கட்டணம்" என்ற பெயரில் நான் ஒரே தவணையில் கட்டிய தொகை அது. நேற்று மாலை அந்தச் சிகிச்சை மையத்திலிருந்து பேசிய பெண், இனி இது தொடர்பாக அழைக்க வேண்டாம் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். இன்றே எழுதாவிட்டால் கோபம் ஆறிப்போய் நானும் சும்மா இருந்துவிடுவேன் என்பதால் உட்கார்ந்திருக்கிறேன். இத்தகைய இடங்களை அடையாளம் காண்பது எப்படி என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வலி மாத்திரை, உடற்பயிற்சி, எடைக் குறைப்பு எல்லாம் ஓரளவு உதவின. மாற்று மூட்டு அறுவை சிகிச்சை என்றதும் அவர் பயந்தார். அந்தப் பயத்தோடு நான் தேடிக்கொண்டிருந்தபோதுதான் இந்த மையத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை மூட்டுக்குள் செலுத்தினால் தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளரும் என்றும், அது பதிவுபெற்ற ஆய்வு என்றும், சில இடங்களே மீதமிருக்கின்றன என்றும் அதில் எழுதியிருந்தார்கள்.

நான் ஒன்றும் விசாரிக்காமல் போய் விழவில்லை. அவர்கள் ஒரு பதிவு எண் கொடுத்தார்கள். மருத்துவ ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேட்டில் அந்த எண்ணை நானே இட்டுத் தேடினேன். பக்கம் திறந்தது. ஆய்வின் தலைப்பு, மையத்தின் பெயர், சேர்க்கப்படவிருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கை எல்லாம் ஒழுங்காக இருந்தன. அந்த நிமிடத்தில் எனக்கிருந்த சந்தேகம் முழுவதும் அடங்கிவிட்டது. பதிவேட்டில் இருக்கிறது என்றால் அறிவியல் தெரிந்த யாரோ ஒருவர் சரிபார்த்து அனுமதித்திருப்பார் என்று நம்பினேன். உண்மையில், 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் அமெரிக்கப் பதிவேடான கிளினிக்கல்டிரையல்ஸ் தளமே, ஓர் ஆய்வு அங்கே பட்டியலிடப்பட்டிருப்பதால் அதை அரசு மதிப்பிட்டது என்று பொருள் கொள்ளக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. விவரங்களை இடுபவர் ஆய்வை நடத்துபவர்தான். எச்சரிக்கை கண்முன்னே இருந்தும் நான் அதைப் படிக்கவில்லை.

முதல் சந்திப்பில் அந்த மருத்துவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் போன்றவர்கள் முன்வந்தால்தான் அம்மா, நாளைக்கு மற்றவர்களுக்கு மருந்து கிடைக்கும்" என்றார். திரும்பி வரும்போது அம்மாவின் முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை. தன் வலி யாருக்கோ பயன்படப் போகிறது என்று அவர் நினைத்தார். அன்று மாலையே நான்கு மாதச் சம்பளத்தையும் செலுத்திவிட்டேன்.

ஒரே காலையில் எல்லாம் முடிந்தது. கொழுப்பை எடுத்தார்கள், எதிலோ இட்டுச் சுழற்றினார்கள், ஊசி போட்டார்கள், அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் வலது முழங்கால் வீங்கிச் சூடாகிவிட்டது. மையத்தை அழைத்தேன், செல்கள் வேலை செய்யத் தொடங்கியதன் அறிகுறி அது என்றார்கள். மறுநாள் காய்ச்சல் வந்தது. மருத்துவர் வெளியூரில் இருக்கிறார், செய்தி அனுப்புங்கள் என்றார்கள். ஐந்தாம் நாள் நாங்கள் வேறொரு மருத்துவமனைக்கு ஓடினோம். மூட்டிலிருந்து நீரை எடுத்துக் கிருமித் தொற்று உண்டா என்று சோதித்த மருத்துவர், உள்ளே என்ன செலுத்தினார்கள் என்று கேட்டபோது, எங்களிடம் இருந்த காகிதத்தில் "புத்துயிர்ப்பு ஊசி" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எதுவும் இல்லை.

வீக்கம் வடிந்த பிறகு அம்மாவுக்கு இரண்டு வாரம் வலி குறைந்திருந்தது உண்மை. பணம் வீண்போகவில்லை என்று அப்போது நான் மகிழ்ந்தேன். பிறகு வலி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஏன் அப்படி நடந்தது என்று தேடிப் படித்தபோதுதான் 2002இல் வெளியான ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் மூட்டுத் தேய்மானம் கொண்ட 180 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, இரண்டு குழுக்களுக்கு மூட்டு உள்நோக்கிக் கருவியால் (சிறு துளை வழியே மூட்டுக்குள் செலுத்தும் கேமராக் குழாய்) உண்மையான சிகிச்சையும், மூன்றாவது குழுவுக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டு அறுவை சிகிச்சை செய்தது போன்ற தோற்றமும் தந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கவனித்தும், உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கு மற்றவர்களைவிட வலி குறையவில்லை. மூட்டுவலி தானாகவே ஏறி இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் சிகிச்சை தேடி ஓடுகிறோம். மருத்துவம் பார்த்தாயிற்று என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் மருந்துப்போலி (மருந்து போலத் தோன்றும், ஆனால் மருந்தில்லாத ஒன்று) பெறும் ஒப்பீட்டுக் குழு இல்லாமல், நோயாளி "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதை மட்டும் வைத்து இத்தகைய சிகிச்சையை எடைபோட முடியாது.

இதைப் படித்துவிட்டு அவர்களிடம் அம்மா எந்தக் குழுவில் இருக்கிறார் என்று கேட்டேன். "எல்லோருக்கும் உண்மையான மருந்துதான் கொடுக்கிறோம்" என்று பெருமையாகச் சொன்னார்கள். அப்படியானால் எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்றதற்குப் பதில் இல்லை.

என்னை எல்லாவற்றையும்விட அதிகமாக எரிக்கிற விஷயம் இதுதான்: ஊசி போட்ட நாளிலிருந்து இன்றுவரை அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று அவர்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆறாவது வாரம் வலி அளவீட்டுப் படிவம் வரும் என்றார்கள், வரவில்லை. ஸ்கேன் எடுத்து ஒப்பிடுவோம் என்றார்கள், தேதி தரவில்லை. காய்ச்சல் வந்ததை நான் மூன்று முறை எழுத்தில் தெரிவித்தேன்; பாதகமான விளைவு என்று எங்கேனும் பதிவு செய்தீர்களா என்று கேட்டதற்கு, உள் விவகாரம் என்றார்கள். விளைவையே கேட்காத ஆய்வு எப்படி ஆய்வாகும்? பணத்தைத் திருப்பிக் கேட்டால், "இது ஆய்வுதானே, பலனுக்கு உத்தரவாதம் கிடையாது" என்கிறார்கள். முடிவுகளைக் காட்டுங்கள் என்றால், "இது தனிப்பட்ட சிகிச்சை, விவரம் வெளியிட முடியாது" என்கிறார்கள். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே நான்கு மாதச் சம்பளம் காணாமல் போய்விட்டது.

அம்மாவுக்கு நேர்ந்தது குறைவு என்றுதான் சொல்ல வேண்டும். 2017இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான அறிக்கையின்படி, அமெரிக்காவின் புளோரிடாவில் மூன்று மூதாட்டிகள் இதே கொழுப்புச் செல் ஊசியைக் கண்களில் போட்டுக்கொண்டு பார்வை இழந்தார்கள். இரண்டு கண்களுக்கும் ஒரே நாளில் ஊசி. தலைக்கு 5,000 டாலர் கட்டணம். அந்தச் சிகிச்சையின் பெயரிலும் பதிவேட்டில் ஓர் ஆய்வு இருந்தது. இதை நான் முன்பே படித்திருந்தால் பணத்தைக் கட்டியிருக்க மாட்டேன்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். அம்மா கூப்பிடுகிறார், முக்கியமானவற்றை மட்டும் எழுதுகிறேன். சோதனையில் உள்ள மருந்துக்கு நோயாளியிடமே பெருந்தொகை கேட்டால் உடனே நின்றுவிடுங்கள். முறையான ஆய்வுகளில் பெரும்பாலும் அந்தச் செலவை நடத்துபவரே ஏற்பார். பதிவு எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல விடவில்லை என்றால் கையெழுத்திட வேண்டாம். பாதிப்பு ஏற்பட்டால் செலவு யாருடையது, ஆய்வுக்கு ஒப்புதல் தந்த நெறிமுறைக் குழு (பங்கேற்பவர்களின் பாதுகாப்பைப் பரிசீலிக்கும் குழு) எது என்று எழுத்தில் கேளுங்கள். இடம் நிரம்பிவிடும் என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பணம் கட்டுங்கள்; நான் கட்டிய பிறகுதான் காட்டினேன்.