பழைய ஆவணங்களை நூலாக்கித் தரும் ஒரு கோவைக் கடை

கோவை டவுன்ஹால் பகுதியில், அச்சகங்களும் அழைப்பிதழ்க் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் சந்துகளில் ஒன்றில், காப்புரிமைக் காலம் முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய நூல்களையும் அரசு அறிக்கைகளையும் தாளில் அச்சிட்டு, தைத்து, கெட்டி அட்டை போட்டுத் தரும் சிறிய பைண்டிங் கடை ஒன்று இயங்குகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் அதிகாரிகள் செய்த ஊழல், அதை எழுத முயன்ற பத்திரிகைகள், அப்பத்திரிகைகளின் வாயை அடைக்க வந்த சட்டங்கள் ஆகியவற்றைப் பற்றிய மூல ஆவணங்களைக் கையில் வைத்துப் படிக்க வேண்டும் என்ற விருப்பத்தில், இந்தக் கடையில் மூன்று நூல்களைச் செய்து வாங்கினேன். நிறைகளோடு குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். கொங்கு நாட்டின் எந்த ஊரிலும் இத்தகைய வேலையை ஒப்படைக்க நினைப்பவர்களுக்கு இந்த மதிப்புரை பயன்படும் என்று நம்புகிறேன்.

முதல் நூல், நிக்கல்சன் எழுதி 1887-ல் வெளியான கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு. அதன் வரலாற்றுப் பகுதிகளை, அதே காலத்தைப் பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களோடு சேர்த்துப் படிக்க விரும்பியதற்குக் காரணம், நம் மாவட்டத்துக் கருவூலத்தில் நடந்த பெரும் மோசடிதான். வில்லியம் கேரோ கலெக்டராக இருந்தபோது, அவருடைய கச்சேரியில், அதாவது அலுவலகத்தில், கருவூலப் பொறுப்பை வகித்த காசிச் செட்டி என்பவர், அரசுப் பணத்தைக் கையாடியதோடு, பதவியின் செல்வாக்கைத் தம்முடைய சொந்த வணிகத்துக்கும் பயன்படுத்தினார். 1815, 1816 ஆம் ஆண்டுகளில் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோவும், பின்னாளில் உதகையை உருவாக்கிய ஜான் சல்லிவனும் அதை விசாரித்தார்கள். ஒரு மாவட்டத்தின் வரிப்பணமெல்லாம் வந்து சேரும் கச்சேரியில், கலெக்டரின் கண்முன்னேயே, ஆண்டுக்கணக்கில் இது நடந்திருக்கிறது.

அப்போது சென்னையில் பத்திரிகைகள் இல்லாமல் இல்லை. மெட்ராஸ் கூரியர் 1785-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் 1795 முதல் சென்னையில் முன்தணிக்கை நடைமுறைக்கு வந்துவிட்டதால், அரசு அலுவலர் பார்த்து ஒப்புதல் தராத செய்தி அச்சேற முடியாது. கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1799-ல் அதே கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். வரி கட்டிய கொங்குக் குடியானவர்கள் தங்கள் கலெக்டர் கச்சேரியில் நடந்ததை அச்சில் படிக்க வழியே இருக்கவில்லை. திருட்டைக் கண்டுபிடித்ததும் விசாரித்ததும் எழுதி வைத்ததும் கம்பெனியே. தன்னைத்தானே விசாரித்துக்கொள்ளும் ஆட்சி எவ்வளவு சொல்லும், எதை விட்டுவிடும் என்பதை அந்தப் பக்கங்களைப் பொறுமையாகப் படிக்கும்போதுதான் உணர முடிகிறது.

இந்த நூலைப் பொறுத்தவரை கடையின் வேலை நேர்த்தியானது. சதுர மீட்டருக்கு எழுபது கிராம் எடையுள்ள (எழுபது ஜிஎஸ்எம்) மேப்லித்தோ என்னும், கண் கூசாத பழுப்பு நிற அச்சுத்தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். பக்கங்களைப் பாரம் பாரமாக, அதாவது சிறு தொகுதிகளாக, மடித்து நூலால் தைத்திருப்பதால், புத்தகத்தை மேசை மீது முழுவதும் விரித்து வைத்தாலும் முதுகு வெடிப்பதில்லை. இன்று பெரும்பாலான கடைகளில் பக்கங்களை அடுக்கி முதுகில் பசை தடவி ஒட்டிவிடுகிறார்கள். நம் ஊர்க் கோடையில் அந்தப் பசை காய்ந்து, நடுப்பக்கங்கள் கையோடு வந்துவிடும். தடித்த குறிப்பு நூல்களுக்குத் தையல் கட்டைத் தவிர வேறு எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது நூல்தான் என்னை இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் காவல் விசாரணையின்போதும் மக்கள் சித்திரவதை செய்யப்பட்டதைப் பற்றி, எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் ஆணையம் 1855-ல் அளித்த அறிக்கை அது. விரல்களை மரச்சட்டங்களுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி, ஆளைக் குனிய வைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டும் அண்ணாந்தாள் ஆகியவை அதில் பெயர் சொல்லியே பதிவாகியிருக்கின்றன. வரி தண்டும் தாசில்தாரின் கையிலேயே காவல் அதிகாரமும் இருந்ததுதான் இந்தக் கொடுமைக்கு வழிவகுத்தது. அடித்தவனைப் பற்றி அடித்தவனுடைய மேலாளிடமே புகார் சொல்ல வேண்டிய நிலையில், யார் வாய் திறப்பார்கள்? அந்த ஏற்பாட்டை 1816-ல் கொண்டுவரக் காரணமாக இருந்தவர் கோவைக் கருவூல மோசடியை விசாரித்த அதே மன்றோ என்பது, இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவர்களுக்கு மிகுந்த வேதனையைத் தரும்.

இந்தக் கொடுமை வெளியுலகுக்குத் தெரிந்ததில் ஒரு பத்திரிகைக்கும் பெரும் பங்கு உண்டு. தற்காலிகக் கவர்னர் ஜெனரலாக இருந்த மெட்காஃப் 1835-ல் பத்திரிகைகள் மீதான உரிமக் கட்டுப்பாடுகளை நீக்கிய பிறகு, சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டி 1844-ல் கிரெசண்ட் என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். 1852-ல் சென்னைச் சுதேசி சங்கத்தையும் நிறுவி, குடியானவர்கள் படும் பாட்டை லண்டன் நாடாளுமன்றம் வரை கொண்டுசென்றார். அங்கே எழுந்த விவாதத்தின் பின்னரே ஆணையம் அமைந்தது. அறிக்கையின் தொடர்ச்சியாக 1859-ல் காவல் துறை வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்டது. ஆங்கிலேய அதிகாரிகளை அறிக்கை பெருமளவு விடுவித்து, பழியைக் கீழ்நிலை உள்நாட்டு ஊழியர்கள் மீது சுமத்துவதை நான் ஏற்கவில்லை. ஆனாலும் அந்த முடிவோடு முரண்படுவதற்கான ஆதாரங்களை அதே அறிக்கையின் பின்னிணைப்புகள் தருகின்றன. அதனாலேயே பின்னிணைப்பு இல்லாத பதிப்பை நான் முழு நூலாகக் கருதமாட்டேன்.

கடைக்காரரோடு இதைப் பற்றி நடந்த பேச்சைக் குறிப்பிட வேண்டும். கோப்பைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்த அவர், "முன்னால இருக்கிற அறிக்கை கொஞ்சம்தானுங்க, பின்னால பூராவும் கடிதமும் வாக்குமூலமும்தான் இருக்குது, அதை விட்டுட்டா உங்களுக்குச் செலவு பாதியாக் குறையுமுங்க" என்றார். அது வணிகத் தந்திரம் அல்ல. என் செலவைக் குறைக்க எண்ணிச் சொன்னது. "அந்தக் கடிதங்களுக்காகத்தானுங்க புத்தகமே போடறது" என்றேன். அவர் ஒரு வாக்குமூலத்தை நின்று படித்துவிட்டு, அதன்பின் பக்கக் குறைப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்தக் கடையின் மீது என் மதிப்பு உயர்ந்ததற்குக் காரணம் அடுத்து நடந்தது. ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல் இரண்டு பக்கங்களில் கீழ்வரிகளை மறைத்திருந்ததை, அச்சுக்கு முன் பக்கம் பக்கமாகச் சரிபார்த்த அவருடைய உதவியாளர் கண்டுபிடித்து, அழைத்துச் சொன்னார். வேறொரு நூலகப் படியிலிருந்து அந்தப் பக்கங்களை எடுத்து அனுப்பினேன். அளவும் எழுத்தின் கருமையும் பொருந்தும்படி சேர்த்துவிட்டார்கள். பழைய ஆவணத்தை அச்சிடுபவர் செய்ய வேண்டிய தலையாய வேலை இந்தச் சரிபார்ப்புதான். மறைந்துபோன ஒரு வரியில் ஒரு குடியானவரின் பெயரோ, அவரிடம் பறித்த தொகையோ இருந்திருக்கலாம்.

மூன்றாவது நூலில் எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. அது பல இதழ்களின் தொகுப்பு. முதலில் வருவது, கல்கத்தாவில் 1780 ஜனவரி 29 அன்று ஹிக்கி தொடங்கிய பெங்கால் கெசட்டின் சில பக்கங்கள். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸையும் அவரைச் சுற்றியிருந்தவர்களையும் சாடியதற்காகச் சிறை சென்று, சிறைக்குள்ளிருந்தும் இதழை நடத்திய அவருடைய அச்செழுத்துகளை 1782-ல் பறிமுதல் செய்தார்கள். இந்தப் பக்கங்கள் ஓரளவு தெளிவாகவே வந்திருக்கின்றன.

எனக்கு முக்கியமானவை பாரதியார் ஆசிரியராக விளங்கிய இந்தியா வார இதழின் பக்கங்கள். அந்த இதழுக்கு முன்பே வந்த 1878-ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலப் பத்திரிகைகளை விட்டுவிட்டு இந்திய மொழிப் பத்திரிகைகளை மட்டும் குறிவைத்தது. மாவட்ட மாஜிஸ்திரேட் ஜாமீன் கேட்டால் அதை எதிர்த்து நீதிமன்றம் செல்லவும் வழியில்லை. வைஸ்ராய் ரிப்பன் காலத்தில் அச்சட்டம் நீங்கியது என்றாலும், 1908-ல் அச்சகங்களையே பறிமுதல் செய்ய வகைசெய்யும் சட்டம் வந்தது. அதே ஆண்டில் சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைதானார். இந்தியா இதழின் ஆசிரியராகச் சட்டப்படி பதிவாகியிருந்த சீனிவாசன் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். இதழ் புதுச்சேரிக்குச் சென்று, 1910 வரை பிரெஞ்சு மண்ணிலிருந்து வெளிவந்தது. வ.உ.சிதம்பரனார் நம் கோவைச் சிறையில் செக்கிழுத்த காலமும் இதுவே.

இந்தியா சிவப்புத் தாளில் அச்சான இதழ். அதன் வண்ணப் படங்களைக் கருப்பு வெள்ளையாக மாற்றும்போது, சிவப்பு முழுவதும் சாம்பலாகி எழுத்தை விழுங்கிவிடுகிறது. கடையில் மற்ற நூல்களுக்குப் பயன்படுத்திய அதே அமைப்பில் இதையும் ஓட்டியதால், சில பத்திகளைப் படிக்கவே முடியவில்லை. அதைவிடப் பெரிய குறை, கேலிச்சித்திரங்களுக்குக் கீழே உள்ள விளக்க வரிகள் வெட்டுப்பட்டிருப்பது. பெரிய பக்கத்தை டெமி என்னும் சிறிய புத்தக அளவுக்குச் சுருக்கி, மூன்று பக்கமும் கட்டிங் மிஷினில் கொடுத்தபோது, அடிவரி போய்விட்டது. தமிழ் அரசியல் கேலிச்சித்திரத்தின் தொடக்கம் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. யார் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்லும் வரி இல்லாமல் அந்தச் சித்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குறையைக் காட்டியபோது, வெட்டுப்பட்ட பக்கங்களை மட்டும் தனியாக மறுஅச்சு செய்து தர ஒப்புக்கொண்டார்கள், தந்தும்விட்டார்கள். ஆனால் அவை கட்டுக்குள் சேராமல் ஓர் உறைக்குள் கிடக்கின்றன.

கூலி நியாயமானது. பக்கக் கணக்கில் அச்சுக்கூலியும், கட்டுக்குத் தனித்தொகையும் வாங்குகிறார்கள். ஒரே படி செய்தாலும் முகம் சுளிப்பதில்லை. முகூர்த்த மாதங்களில் அழைப்பிதழ் வேலை குவிந்துவிடுவதால், ஆடியிலோ மார்கழியிலோ கொடுப்பது நல்லது. அறிக்கைகளுக்கும் கையேடுகளுக்கும் இந்தக் கடையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பத்திரிகைப் பக்கங்களைக் கொடுப்பவர்கள் ஏ3 அளவில் வண்ணத்திலேயே அச்சிடச் சொல்லுங்கள். செலவு கூடும் என்பதால் தேவையான இதழ்களை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். நான்கு ஓரமும் வெட்டாமல் விட வேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதிரிப் பக்கத்தை அச்சிட்டுக் காட்டச் சொல்லி, அடிவரி முழுமையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மீதிக்கு ஒப்புதல் கொடுங்கள்.