பீகோ ஓஓ-9 தண்டவாளம்: கண்காட்சி லேஅவுட்டுக்கு வாங்கலாமா?

நாரோ கேஜ் (குறுகிய பாதை) மாடல் ரயில் லேஅவுட்டை வீட்டில் ஓட்டுவது வேறு, கண்காட்சியில் நாள் முழுக்க ஓட்டுவது வேறு. வீட்டில் எஞ்சின் பாயின்ட்டின் (பாதை இரண்டாகப் பிரியும் இடத்தின்) மேல் நின்றுவிட்டால் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் நகர்ந்துவிடும். கண்காட்சியில் தடுப்புக்கு அப்பால் நான்கைந்து பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கை உள்ளே வரவே கூடாது. மாடல் தண்டவாளம் தயாரிக்கும் பீகோ நிறுவனத்தின் ஓஓ-9 (1:76 அளவு, 9 மி.மீ. பாதை) வரிசையை இந்த ஒரு கணக்கை வைத்தே இங்கே எடைபோடுகிறோம். எஸ்எல்-400 வளையும் தண்டவாளத்தைத் தயங்காமல் வாங்கலாம். எலெக்ட்ரோஃப்ராக் பாயின்ட்களையும் வாங்கலாம், ஆனால் பொட்டலத்திலிருந்து எடுத்து அப்படியே பலகையில் ஒட்டிவிடாதீர்கள்.

முதலில் தோற்றம். 1:76 அளவில் 9 மி.மீ. கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள அகலம்) என்றால் அசலில் 2 அடி 3 அங்குலம். வேல்ஸின் டாலிலின், காரிஸ் பாதைகளுக்கு இது அச்சாகப் பொருந்தும். 2 அடிப் பாதைக்குக் கொஞ்சம் அகலம்தான், கண்ணை உறுத்தாது. ‘N’ கேஜ் என்ற இன்னும் சிறிய மாடல் அளவின் தண்டவாளத்துக்கும் இதே 9 மி.மீ. என்றாலும் அதன் ஸ்லீப்பர்கள் (தாங்கும் குறுக்குக் கட்டைகள்) குட்டையாக, நெருக்கமாக இருக்கும். எஸ்எல்-400இல் ஸ்லீப்பர்கள் நீளமாக, இடைவெளி விட்டு, கொஞ்சம் கோணலாகவும் கிடக்கும். பராமரிப்பு குறைந்த பழைய பாதையின் சாயல் அதிலேயே வந்துவிடுகிறது. இடிக்கிற ஒரே இடம் தண்டவாளத்தின் உயரம். இது கோட் 80, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 80 பங்கு உயரம், 2.03 மி.மீ.; அசலுக்குப் பெருக்கினால் 155 மி.மீ. அகலப் பாதை மெயின் லைனுக்குப் போடும் கனத்த தண்டவாளம் அந்த உயரம். சிறு நாரோ கேஜ் பாதைகளில் அதைவிட வெகுவாகக் குறைவு. பக்கவாட்டில் அடர் துருப்பழுப்பு பூசி, ஸ்லீப்பர் மூடும் அளவுக்குச் சாம்பல் நிற பாலாஸ்ட்டும் (சரளைக் கல்லும்) புல்லும் ஏற்றினால் இந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடும். உயரத்தால் ஒரு நன்மையும் உண்டு: லேஅவுட்டைத் தூக்கி வண்டியில் ஏற்றி இறக்கும்போது இந்தத் தண்டவாளம் எளிதில் நெளியாது.

ஒரு துண்டின் நீளம் 914 மி.மீ. வளைவின் நடுவில் மூட்டு வந்தால் அங்கே கோணம் விழும். அதனால் இரண்டு துண்டுகளையும் நேராக வைத்து, ஃபிஷ்பிளேட் (நுனிகளை இணைக்கும் உலோகத் தகடு, எஸ்எல்-310) போட்டு, சால்டர் செய்த பிறகே வளைக்க வேண்டும். நேர்ப்பகுதி மூட்டுகளில் சால்டர் வேண்டாம், அரை மி.மீ. இடைவெளி விடுங்கள். 20 டிகிரி வெப்பம் கூடினால் ஒரு துண்டு ஏறக்குறைய 0.3 மி.மீ. நீளும். இடைவெளி இல்லாவிட்டால் பாதை பாம்பாக நெளிந்து, ஸ்லீப்பரிலிருந்து தண்டவாளம் பிடுங்கிக்கொள்ளும். மின்சாரத்துக்கு ஃபிஷ்பிளேட்டை நம்பவே கூடாது. ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஒயர் கொடுங்கள்: கீழே ஓடும் முதன்மை ஒயர் 1.5 சதுர மி.மீ., மேலே வரும் கிளை ஒயர் 0.2 சதுர மி.மீ. போதும். தண்டவாளத்தையும் ஒயரையும் தனித்தனியே ஃபிளக்ஸ் தடவி ஈயம் பூசிவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து இரண்டு விநாடி மட்டும் சூடு காட்டுங்கள். அதற்கு மேல் போனால் ஸ்லீப்பரின் பிடிப்பு உருகி கேஜ் மாறிவிடும்.

இனி பாயின்ட். எஸ்எல்-இ491 வலப்பக்கம் பிரிவது, 492 இடப்பக்கம் பிரிவது. ஃப்ராக் (இரு பாதைகளின் உள் தண்டவாளங்கள் சந்திக்கும் V வடிவத் துண்டு) உலோகம் என்பதால், இரண்டே அச்சு உள்ள குட்டி எஞ்சின்கூட நிற்காமல் கடக்க வழி இருக்கிறது. ஆனால் அந்த ஃப்ராக்குக்கு மின்சாரம் போவது, நாக்கு (பாதையை மாற்ற நகரும் கூர்மையான தண்டவாளம்) பக்கத்துத் தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் அந்த ஊசிமுனை இடத்தின் வழியாகத்தான். அங்கே ஒரு தூசி, ஒரு துளி பெயின்ட், கொஞ்சம் பாலாஸ்ட் பசை போனாலும் பாயின்ட் முழுவதும் செத்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. திறந்திருக்கும் நாக்கு ஃப்ராக்கின் மின் துருவத்தில் இருக்கும்; பக்கத்துத் தண்டவாளம் எதிர்த் துருவம். சக்கரத்தின் பின்பக்கம் அதை உரசினால் ஷார்ட் ஆகி, ஒரு கணம் எல்லாமே நின்றுவிடும். சக்கரங்களின் பின்பக்க இடைவெளி 7.4 மி.மீ.க்கு வெகுவாகக் குறைந்த பெட்டிகள் இதைச் செய்யும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. பாயின்ட்டைத் திருப்பிப் போட்டு, நாக்குக்கும் ஃப்ராக்குக்கும் நடுவிலுள்ள இரண்டு தண்டவாளங்களையும் ஃப்ராக்குக்குச் சற்று முன்னால் மெல்லிய டிஸ்க்கால் வெட்டுங்கள். விட்டு விட்டு வெட்டாவிட்டால் சூட்டில் பிளாஸ்டிக் இளகும். வெட்டிய இடம் பிற்பாடு மூடிக்கொள்ளாதபடி எபாக்ஸி வைத்து அடையுங்கள். நாக்குப் பக்கத்துத் துண்டு ஒவ்வொன்றையும் அதன் அருகிலுள்ள வெளித் தண்டவாளத்தோடு ஒயரால் இணையுங்கள். ஃப்ராக்கிலிருந்து ஒரு ஒயர் இறக்கி, பாயின்ட் மோட்டாரோடு சேர்ந்து மாறும் சுவிட்சுக்குக் கொடுங்கள். பீகோ பிஎல்-10 மோட்டாருக்கு பிஎல்-13 சுவிட்ச் இருக்கிறது. ஃப்ராக்குக்கு அப்பால் உள்ள இரு உள் தண்டவாளங்களிலும் எஸ்எல்-311 பிளாஸ்டிக் இணைப்பி கட்டாயம். ஒட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்து, இரண்டு நாக்குகளுக்கும் இடையே தொடர்பு இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஒட்டிய பின் தெரியவந்தால் பாலாஸ்ட்டைக் கிளற வேண்டியிருக்கும்.

லேஅவுட்டின் இரண்டு பலகைகள் சேரும் மூட்டில் தண்டவாள நுனிகள்தான் முதலில் அடிபடும். பலகை விளிம்பில் பித்தளை ஸ்க்ரூ இறக்கி, அதன் தலையோடு தண்டவாளத்தைச் சால்டர் செய்யுங்கள். இரண்டு பலகைகளையும் போல்ட் போட்டு இறுக்கிய நிலையில், தண்டவாளத்தை முழு நீளமாகவே பதித்து, கடைசியாக மூட்டின் மேல் வெட்டினால் நுனிகள் நேருக்கு நேர் பொருந்தும். முதலிலேயே வெட்டிப் பொருத்தினால் ஒருபோதும் சேராது.

சுத்தம் செய்ய உப்புத்தாள் வேண்டாம். அது போடும் கீறலில்தான் அடுத்த அழுக்கு ஒளிந்துகொள்ளும். தண்டவாளம் நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் துத்தநாகமும் நிக்கலும். பித்தளை போலச் சீக்கிரம் கறுக்காததால், பஞ்சிழை உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தாலே போதும். நிறைய ஊற்றினால் பக்கவாட்டு அக்ரிலிக் பெயின்ட் கரைந்து வரும். அழுக்கைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது சக்கரங்கள். நனைத்த துணிப்பட்டை ஒன்றைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, எஞ்சினின் ஒரு பாதி துணியிலும் மறுபாதி வெறும் தண்டவாளத்திலும் இருக்கும்படி பிடித்து ஓட்டுங்கள். துணியில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். கோடு விழாத வரை இடம் மாற்றி மாற்றி ஓட்டிவிட்டு, எஞ்சினைத் திருப்பி மறுபாதியையும் செய்யுங்கள்.

கண்காட்சிக்குப் போகும் பெட்டியில் சால்டரிங் அயர்ன், ஃபிஷ்பிளேட், ஒயர் இவற்றோடு நாக்கைப் பிடித்திருக்கும் அந்தச் சிறிய ஸ்பிரிங்குகளில் இரண்டையும் சிறு டப்பாவில் போட்டு வையுங்கள். கழன்று விழுந்தால் தரையில் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாத பொருள் அது. மெதுவாக நகரும் மோட்டாரோ சர்வோவோ பொருத்துவதாக இருந்தால் அந்த ஸ்பிரிங்கை முன்பே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நாக்கு மெல்ல நகராமல் டப்பென்று தாவும்.