வெள்ளி பேஸ்ட் என்று சொல்லி என்னிடம் 1,800 வாங்கிய கதை

ஏப்ரலில், பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் சூடேறி அணைந்துபோனது. சேலத்து வெயிலைத் திட்டிக்கொண்டே ஐந்து ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். "வெள்ளி பேஸ்ட் போடணும்ண்ணா, 1,800 ஆகும்" என்றார். சிப்பின் சூட்டை வெளியே கடத்த அதன் மேல் தடவும் பசைதான் பேஸ்ட்; அதில் வெள்ளித் தூள் கலந்திருந்தால் வெள்ளி பேஸ்ட். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். அங்கே உரசிப் பார்க்காமல் யாரும் வெள்ளி வாங்க மாட்டார்கள். அன்றைக்கு எனக்கு மட்டும் அது மறந்துபோனது.

பத்து நாள் கூடத் தாங்கவில்லை. திரும்பப் போனால், "மதர்போர்டு போயிருக்கும், 9,000 ஆகும்" என்றார்கள்.

சரி என்று, டிவி, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் என் மச்சினனிடம் கொண்டுபோனேன். சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் செம்புத் துண்டான ஹீட் சிங்க்கைக் கழற்றியதும் சிரித்துவிட்டான். "மாமா, பழசைத் துடைக்கவே இல்லை." காய்ந்து பொருக்குத் தட்டிய பழைய பேஸ்ட்டின் மேலேயே புதிதாக வெள்ளை பேஸ்ட்டை அப்பியிருந்தார்கள். வெள்ளித் தூள் கலந்தது சாம்பல் நிறத்தில் இருக்குமாம் (சாம்பலாக இருப்பதெல்லாம் வெள்ளியும் இல்லையாம்). இது சாதாரண சிலிகான் சரக்கு.

அப்பினால் என்ன கெடுதல் என்று கேட்டேன். சிப்புக்கும் செம்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் காற்று அடைந்துகொள்ளும். அதை விரட்டத்தான் பேஸ்ட். வெப்பம் கடத்தும் கணக்கில் செம்பு 400 என்றால், நல்ல பேஸ்ட்டே பத்தைத் தொடுவது பெரிது; காற்றோ 0.026. ஆக, பேஸ்ட் இல்லாவிட்டாலும் வம்பு, தடியாக இருந்தாலும் வம்பு.

இதைவிட மோசம், மெமரி சிப்புகளின் மேலிருந்த தெர்மல் பேடுகளை (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டைகள்) பிய்த்து எறிந்துவிட்டு அங்கேயும் பேஸ்ட்டை வைத்திருந்தது. மெமரி சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே இருக்கும் அகலமான இடைவெளியைப் பேஸ்ட் அடைக்காது. ஒரு ஸ்க்ரூவையும் காணோம்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நூல் விடாத துணியை நனைத்து, சிப் கண்ணாடி மாதிரி மின்னும்வரை துடைத்தான். பச்சைப்பயறு அளவு பேஸ்ட், மெல்லிய பூச்சு. பேடுகளைப் பழைய தடிமனிலேயே வாங்கி ஒட்டினான். ஹீட் சிங்க்கில் அச்சடித்திருக்கும் எண் வரிசையிலேயே ஸ்க்ரூ முடுக்கினான். முன்பு பில் போடும்போதே 97 டிகிரி காட்டியது, இப்போது 72. மதர்போர்டுக்கு ஒன்றுமே இல்லை.

சர்வீஸுக்குக் கொடுப்பதென்றால் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். துடைத்த பிறகு, பேஸ்ட் வைப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ கேளுங்கள். பேஸ்ட் ட்யூபையும் வாங்கிப் பாருங்கள்.

பணத்தைக் கேட்டுப் போனேன். 500 கொடுத்தார்கள். மீதி 1,300, கழற்றி மாட்டிய கூலியாம்.