மாடித்தோட்டக் கிட் வாங்கப் போறீங்களா? 6,850 ரூபாய் போச்சு, இதைப் படிச்சுட்டு வாங்குங்க

கோபம் இன்னும் அடங்கல. ஆடிப்பட்டத்துக்கு எல்லாரும் பை, மண், விதைன்னு தேடுற நேரம் இது. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பலர் கண்ணுல இதே விளம்பரம் பட்டிருக்கும்னு நினைக்கிறேன், அதனால உடனே எழுதுறேன்.

ஆன்லைன்ல மாடித்தோட்டச் சாமான் விக்கிற கடை. "காய்கறிச் செலவுல பாதி மிச்சம்"னு விளம்பரம். வாங்கினது: 15க்கு 15 அங்குலப் பை பதினஞ்சு 1,650, அஞ்சு கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி எட்டு 2,000, மண்புழு உரம் 50 கிலோ 1,000, வேப்பம்புண்ணாக்கு 10 கிலோ 600, நாட்டு விதை 600, வேப்பெண்ணெய் 350, லாரி வாடகை 650. மொத்தம் 6,850 ரூபாய், முழுசும் முன்பணம்.

ஏன் முழுசா அனுப்பினேன்னா, அந்தக் கடைப் பையன் போன்ல பேசின விதம். இருபது பை கேட்டதுக்கு, "வேணாங்க்கா, உங்க மாடி அளவுக்குப் பதினஞ்சு போதும். கைப்பிடிச் சுவர் ஓரமா, கீழ பீம் ஓடுற பக்கம் வைங்க, நடு தளத்துல பாரம் ஏத்தாதீங்க"ன்னான். விக்க வந்தவன் வியாபாரத்தைக் குறைச்சுப் பேசுறான், விஷயமும் சரியாச் சொல்றான். கோகோபீட்ல உப்பு எவ்வளவுன்னு கேட்டேன். ஈசி மீட்டரை (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்குற கருவி) விட்டு 0.4 காட்டுறதை வீடியோ எடுத்தே அனுப்பினான். அந்த வீடியோ பார்த்ததும் பணம் போட்டேன்.

வந்த சரக்கைச் சொல்றேன். அஞ்சு கிலோ கட்டி ஊறினா 60 லிட்டருக்குக் குறையக் கூடாது, அதாவது 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்ல மூணு. இது ரெண்டு பக்கெட் கூட வரல. ஊறின தண்ணியை வடிச்சா அடியில மணல் படிஞ்சு கிடக்கு. எடை ஏத்த மணல் கலந்து அழுத்தியிருக்காங்க. பிழிஞ்ச தண்ணியில மீட்டர் விட்டேன்: 3.1. நாத்து போட 0.5க்குள்ள இருக்கணும், வளர்ந்த செடின்னாலும் 1க்கு மேல போகக் கூடாது. மூணு தாண்டினா இலை நுனி கருகும், வேர் பழுப்பாகி நின்னுடும்.

அலசினா சரியாயிடும்னு சொல்வாங்க. நம்ம ஊருல அது நடக்காது. எங்க போர் தண்ணியே 1.6 காட்டுது, அதுல எத்தனை முறை அலசினாலும் 1.6க்குக் கீழ இறங்காது. மழைத்தண்ணி பிடிச்சு வெச்சிருந்தாதான் உண்டு. காவிரிக் கூட்டுக்குடிநீர் வர்ற அளவுல கட்டியை அலசறது நியாயமும் இல்ல. அப்பவும் நாரோட ஒட்டியிருக்கிற சோடியம் போக கால்சியம் நைட்ரேட் கரைசல்ல ஊறப்போடணும், அது தனிச் செலவு.

பை 220 ஜிஎஸ்எம்னு, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 220 கிராம்னு சொன்னாங்க. அந்த அளவுப் பைக்குச் சுத்துச்சுவரும் அடியும் சேர்த்து சுமார் 0.57 சதுர மீட்டர் துணி பிடிக்கும். 220ஆல பெருக்கினா 125 கிராம் வரணும். சமையல் தராசுல 70 கிராம். 120 ஜிஎஸ்எம் சரக்கு, வெயில் தாங்குற யூவி பூச்சும் இல்லன்னா ஒரு கத்திரி வெயில்லயே பொடியா உதிர்ந்துடும். உரத்துல ஏரி வண்டல் கலந்திருக்கு. கண்ணாடி டம்ளர் தண்ணியில ஒரு பிடி போட்டதும் பாதி சேறா அடியில உட்கார்ந்துடுச்சு.

விதைதான் ரொம்ப எரிச்சல். இலவம்பாடி முள்ளுக் கத்திரி, 2023ல புவிசார் குறியீடு கிடைச்ச நம்ம மாவட்டத்துக் காய். வெள்ளைக் கவர்ல ஸ்கெட்ச் பேனாவால பேர் எழுதி வந்துச்சு. லாட் எண் இல்ல, சோதிச்ச தேதி இல்ல, முளைப்பு சதவீதம் இல்ல. முளைச்ச நாத்து பெரிசாகியும் இலை நரம்புல முள்ளே கிடையாது. ஏதோ ஒரு கத்திரி.

கேட்டா பதில் என்ன தெரியுமா? முதல்ல "உங்க ஊர் தண்ணி சரியில்லக்கா." அப்புறம் "பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?" கட்டியை ஊறப்போட்டாதானே தெரியும், பிரிக்கிற வீடியோவுல என்ன தெரியும்? அடுத்து "ஓனர் ஊர்ல இல்ல." கடைசியா, அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடிக் கூப்பன்! 6,850 ரூபாயை வாங்கிட்டு இன்னொரு ஆர்டர் போடச் சொல்றாங்க. வீடியோவுல 0.4 காட்டின கட்டி எங்கன்னு கேட்டதும் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க.

எப்படி வாங்கணும்னு விவரமா எழுத நினைச்சேன், இப்ப பொறுமையில்ல. ஒரு கட்டி, ஒரு பை மட்டும் முதல்ல வாங்கி ஊறப்போட்டு எடை போட்டுப் பாருங்க. மீட்டர் வீடியோவை நம்பாதீங்க, எந்தக் கட்டியை வெச்சு எடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. தேதி இல்லாத விதையைக் கையால தொடாதீங்க. தோட்டக்கலைத் துறையில மானிய விலை மாடித்தோட்டக் கிட் (அங்க 'தளை'ம்பாங்க) இருக்கான்னு கேளுங்க, சந்தேகம்னா விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துல விசாரிங்க.

ஏற்கெனவே ஏமாந்திருந்தா 1915ங்கிற நம்பர்ல நுகர்வோர் புகார் பதியுங்க, நான் பதிஞ்சாச்சு. சாட்ல தானா அழியுற செட்டிங் இருந்தா முதல்ல அதை ஆஃப் பண்ணிட்டு, பில், பணம் போட்ட ரசீது, அவங்க அனுப்பின வீடியோ எல்லாத்தையும் தனியா சேமிச்சு வெச்சுக்கோங்க.